உடப்புசல்லாவையில் ஈரத் தரை

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஷாக் அடிக்கும். மாவை வழிக்கும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல லேசாகத்தான் இருக்கும். "செருப்பு போட்டுக்கிட்டு வழி" என்பார் அம்மா. கிரைண்டர் பிறந்த ஊர் எங்களுடையது. 1955-இல் சபாபதி என்பவர் அதை இங்கேதான் உருவாக்கினார். அதற்கும் முன்பே, 1937-இல், ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர். அந்த ஊரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அப்படியிருந்தும் எங்கள் சமையலறையில் செருப்பு மட்டும்தான் காவல். ஒரு மழை நாளில் அம்மாவின் கை கிரைண்டரோடு ஒட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் இருந்ததால் பிளக்கைப் பிடுங்க முடிந்தது. அதன் பிறகு பல இரவுகள் எனக்குத் தூக்கமில்லை.

பட்டறையில் என்னோடு வேலை பார்த்த நண்பரின் குடும்பம், 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது. அவருடைய அத்தை மகன் இலங்கையிலேயே, உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கரண்டு வேலை பார்க்கிறார். "எங்க அத்தான் வேலை செய்யுற எடத்துல தரை காயவே காயாது. ஒரு தடவ போய்ப் பாரு" என்றார் நண்பர். மார்கழியில் கிளம்பினேன்.

நானுஓயா

ரயிலிலிருந்து இறங்கியதும் வாயிலிருந்து புகை வந்தது. கடையில் சாயத் தண்ணி (பாலில்லாத் தேநீர்) ஊற்றிக் கொடுத்த அம்மா என் சட்டையைப் பார்த்துவிட்டு, "கம்பளிச் சட்டை கொண்டாரலயா? இந்த மழ வந்துட்டுப் போற மழ இல்ல தம்பி, வந்து குந்திக்கிற மழ" என்றார். கோவை மழைமறைவு ஊர். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் நன்றாகப் பெய்தால் குளத்தைப் பார்க்கப் போவோம். இங்கே வடகீழ்க் காற்று கிழக்குச் சரிவில் மோதி நாள்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கிறது. சுவர், போர்வை, தீப்பெட்டி எல்லாம் நமுத்திருந்தன. 

இந்த மலையில் தண்ணீரும் மின்சாரமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றையொன்று விடவில்லை. நானுஓயாவில் ஓடுகிற தண்ணீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, தலவாக்கலையில் 2012-இல் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையத்துக்குப் போகிறது. இந்த அருவிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியாளர் விமலசுரேந்திர 1918-லேயே கட்டுரை எழுதினார். லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்க 1950 ஆகிவிட்டது. கோவையில் எங்கள் ஆலைகளுக்கு நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியது 1932-இல். இரண்டு இடத்திலும் மலைத் தண்ணீர்தான் கம்பி வழியாகக் கீழே போனது. மேலே கொழுந்து பறித்தவர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் பல்பு எரியப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

கந்தப்பளை

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு காலத்தில் இரண்டரை அடி அகலத்தில் சின்ன ரயில் ஓடியது. 1948-இல் அதை மூடிவிட்டார்கள். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய அந்தத் தடம் சில இடங்களில் லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே இப்போதும் மேடாகத் தெரிகிறது. கந்தப்பளை மண் கறுப்பு. லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்கு என்று சரிவு முழுக்கப் பச்சை வரிகள். மத்தியானச் சோற்றுக்கு லீக்ஸை மெல்லிசாக அரிந்து, கடுகு தாளித்து, மாசிக் கருவாடு தூவி வதக்கிப் போட்டார்கள். வெங்காயத்தின் தம்பி என்று நினைத்துத்தான் வாயில் வைத்தேன். அது தனி ருசி.

ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தொழிற்சாலை இங்கே ஹோட்டலாகிவிட்டது. சக்கரங்களையும் பழைய இயந்திரங்களையும் அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். அந்தக் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரே ஓர் எண்ணெய் எஞ்சின், அல்லது ஒரே ஒரு தண்ணீர்ச் சக்கரம். அதிலிருந்து கூரைக்கடியில் நீளமாக ஒரு தண்டு சுற்றும். தண்டிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள் ரோலரையும் சல்லடையையும் இழுக்கும். அங்கே பயமெல்லாம் பெல்ட்டில் சேலையோ கையோ சிக்குவதுதான். பிறகு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்தது. பெல்ட் போனது, வசதி வந்தது. எங்கோ ஒரு மூலையில் அடைபட்டிருந்த ஆபத்து, ஒவ்வொரு ஈரக் கையும் தொடும் தூரத்துக்கு வந்து நின்றுகொண்டது. காயில் கட்டுகிறவனாக இத்தனை காலம் மோட்டாரை மட்டுமே பார்த்திருக்கிறேன். மோட்டார் யார் கைக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது என்று நான் யோசித்தது அன்றைக்குத்தான்.

இராகலை

இராகலைக் கடைத்தெருவில் ஒரு மின்சாமான் கடை. மழைக்கு ஒதுங்கியவன், முதலாளியோடு பேச்சில் இறங்கிவிட்டேன். கடைச் சுவரில் வரிசையாகச் சின்ன வெள்ளைப் பெட்டிகள். இங்கே எல்லோரும் 'ட்ரிப் ஸ்விட்ச்' என்கிறார்கள். "மின்னல் அடிச்சா விழுந்துடுதுன்னு சொல்லி, கழட்டிட்டு நேரா இழுத்துத் தாங்கன்னு கேக்குறாங்க. நான் செய்ய மாட்டேன். வேற ஆள் செஞ்சு குடுத்துடுறான்" என்றார். சித்திரையிலும் ஐப்பசியிலும் இந்த மலையில் இடி அப்படி இறங்கும். ராத்திரி ட்ரிப் விழுந்தால் விடியும்வரை இருட்டு. அலுத்துப்போய்த்தான் கழற்றுகிறார்கள்.

அதைக் கழற்றுவது இந்த நாட்டில் எத்தனை பெரிய விஷயம் என்பதை எளிமையாகச் சொல்லலாம். இலங்கையில் வீட்டு இணைப்புக்கு எர்த் கம்பியை மின்விநியோக நிறுவனம் கொண்டுவந்து தருவதில்லை. வீட்டுக்காரரே தன் மண்ணில் கம்பி இறக்க வேண்டும். மலையில் ஒரு முழம் தோண்டினாலே கல். எர்த் கம்பி நன்றாக அமைந்து, மண்ணின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் உடம்பில் 230 வோல்ட் கசிந்தால் மண்ணுக்குள் ஓடுவது பதினொன்றரை ஆம்பியர். 30 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. எர்த் இருக்கிறது, ஃபியூஸ் இருக்கிறது, இயந்திரத்தின் உடம்பிலும் கிட்டத்தட்ட முழு வோல்ட் இருக்கிறது. நனைந்த கையும் நனைந்த காலுமாக ஒருவர் தொட்டால் அவர் உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம். 200 மில்லிஆம்பியருக்கு மேல் அவர் வழியாகப் போகும். இதயத்தின் துடிப்பு குலைய அதில் ஒரு பங்கு போதும்.

ட்ரிப் ஸ்விட்ச் வேறு கணக்குப் பார்க்கிறது. அதைக் கடை வாசலில் நின்ற, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு விளக்க முயன்றபோது உவமை எனக்குத் தானாக வந்தது. மலையில் கொழுந்து நிறுக்கிறார்கள், தொழிற்சாலையில் மறுபடி நிறுக்கிறார்கள், இல்லையா? வெளியே போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒன்றா என்று இந்தப் பெட்டி ஓயாமல் நிறுத்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லிஆம்பியர் குறைந்தால், எங்கோ ஒரு உடம்பு வழியாக அது மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடும். அக்கா சிரிக்கவில்லை. "எங்க தராசுல கிலோ கொறைஞ்சா யாரும் வெட்ட மாட்டாங்க" என்றார். நிறுவையில் கழிக்கப்படும் கிலோக்களின் வலி இந்த மலையில் பழையது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெட்டி என்ன விலை என்று அவர் கேட்டார். முதலாளி சொன்ன தொகையை நான் கூலியில் வகுத்துப் பார்த்தேன். 2024-இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில், மூன்று நாள் மலையேறிய கூலிக்கு மேல் கொடுத்தால்தான் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்திருக்கும்.

உடப்புசல்லாவை: ஸ்டோர்

தேயிலைத் தொழிற்சாலையை இங்கே 'ஸ்டோர்' என்பார்கள். தச்சர், கொத்தனார், கரண்டு வேலைக்காரர், கைவேலை தெரிந்த யாராக இருந்தாலும் 'பாஸ்'. நண்பரின் அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க தம்பி, மொதல்ல ரொட்டி சாப்பிடுங்க" என்று உட்கார வைத்தார். தேங்காய் போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி, உரலில் இடித்த சம்பல், தோட்டத்துத் தூளில் போட்ட கறுப்புத் தேநீர். ரொட்டியைப் பிய்க்கும்போது பார்த்தேன், அவருடைய வலது ஆட்காட்டி விரலின் நுனி வெள்ளையாகத் தழும்பேறியிருந்தது. நான் கேட்கவில்லை.

மேல்மாடியில் நீளத் தொட்டிகளில் கொழுந்து பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டுகிறார்கள். மழைக் கொழுந்து இலைக்குள்ளும் இலைமேலும் தண்ணீரோடு வரும். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று பொதுக் கணக்கு. மீதியெல்லாம் இந்தக் கட்டடத்துக்குள் பறந்துபோகும் ஈரம். கீழே உருட்டும் அறைக்குள் நுழைந்தால் வாசனை ஆளைத் தள்ளியது. நசுங்கிய பச்சை இலை, பழுத்த ஆப்பிள், ஈரச் சிமெண்டு, எல்லாம் கலந்த வாசனை. நசுங்கிய இலை செம்புநிறமாவதற்கு அறையில் ஈரக்காற்று வேண்டும். அதற்காகவே நீர்த்துகள் தெளிக்கும் கருவிகள் சுற்றிக்கொண்டிருந்தன. உருட்டிச் சலித்த இலையை ஆங்கிலத் தேயிலைப் புத்தகங்கள்கூட நம் 'தூள்' என்ற சொல்லாலேயே எழுதுகின்றன. இலைச்சாறு தரையில் காய்ந்தால் கிருமி பிடித்துத் தேயிலை புளித்துப் போகும். அதனால் தரையை அடிக்கடி கழுவியாக வேண்டும். இந்த அறையில் ஈரத்தை ஒழிக்க முடியாது. தேயிலைக்கு வேண்டிய ஈரமும் காற்றும் இங்கே பார்த்துப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றன. அதே ஈரத்தில் காலை வைத்து நிற்கிறவருக்கும் அதே அளவு கவனம் வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது.

ஓர் அக்கா ரப்பர் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். வெறுங்கால். ரோலர் மோட்டாரின் அடிவரை தண்ணீர் தெறித்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. பாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிட்ட வந்து பாருங்க தம்பி" என்றார்.

மோட்டாரின் தகட்டில் ஐபி 55 என்று அடித்திருந்தது. கடைசி 5, பாய்ச்சும் தண்ணீர் உள்ளே போய்க் கெடுக்காது என்பதற்கான எண். தெறிக்கும் தண்ணீருக்கு மட்டுமானால் 4. ஆனால் தகட்டை அவர் நம்புவதில்லை. "தகடு கம்பெனியில அடிச்சது. ஓட்டை நாங்க போட்டது" என்றார். கேபிள் நுழையும் வாய்தான் பலவீனம். பெட்டியின் மேல்பக்கம் ஓட்டை போட்டுக் கேபிளை இறக்கினால், கேபிளைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே நடந்து போகும். அவர் எல்லாக் கேபிளையும் தாழ இறக்கி, ஒரு வளைவு விட்டு, அடியிலிருந்து ஏற்றியிருந்தார். வளைவின் நுனியில் சொட்டு சேர்ந்து தரையில் விழுந்தது. வாயில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். எங்கள் பட்டறையிலிருந்து அனுப்பிய மோட்டார்கள் போன இடத்திலெல்லாம் யாராவது இப்படி வளைத்திருப்பார்களா?

ஈரக் கையால் அமுக்குகிற பொத்தான்களில் 24 வோல்ட்தான் ஓடுகிறது. தனி ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் சிறு மின்சாரம் தூரத்துப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய ஸ்விட்சை இழுக்கிறது. பொத்தானுக்குள் தண்ணீர் போனாலும் விரலுக்கு வருவது அந்த 24 வோல்ட்தான். காய்ந்த இடத்தில் 50 வோல்ட் வரை தொட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை என்பது உலகெங்கும் பொறியாளர்கள் வைத்திருக்கும் எல்லை. ஈர இடத்தில் அதைப் பாதியாக்கி 25 என்கிறார்கள்.

"இந்தப் பொத்தானுக்கு ஒரு கதை இருக்கு" என்று தொடங்கியவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. இளவயதில் வேறொரு ஸ்டோரில் உதவியாளாக இருந்தபோது, இலையை உலர்த்தும் ட்ரையருக்குள் ஒருவர் கைவிளக்கோடு இறங்கியிருக்கிறார். விளக்கு 230 வோல்ட். ஒயரில் ஒரு கீறல். சுற்றிலும் இரும்பு, சட்டையெல்லாம் வேர்வை. "கூப்புட்டேன், சத்தம் வரல." அதிலிருந்து இரும்புக்குள் இறங்க 24 வோல்ட் விளக்கு மட்டும்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையே வந்து அவசரம் என்றாலும் வேறு விளக்கு கொடுப்பதில்லை.

ஷாக் அடிக்கும்போது கை எப்போது விட முடியாமல் போகிறது என்பதை, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஜீல், உப்புத் தண்ணீரில் நனைத்த கைகளோடு மின்கம்பியைப் பிடிக்கத் தாமாக முன்வந்தவர்களை வைத்து அளந்து பார்த்தார். பிடித்ததை விட முடியாமல் போகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு பத்தரை. அதற்கு மேல் போனால் தசை இறுகி, கை தானாகப் பிடித்துக்கொள்ளும். அம்மாவின் கை அன்றைக்குச் செய்தது அதுதான். 1950-களில் தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின் என்பவர் சுரங்கங்களுக்காகக் கசிவறியும் கருவி செய்து, பிறகு அதை இன்னும் நுட்பமாக்கி, ஒரு தங்கச் சுரங்க ஊரின் வீடுகளில் பொருத்திப் பார்த்தார். அந்த ஊரில் வீட்டுச் சாமான்களில் ஷாக் அடித்துப் பெண்கள் இறந்திருந்தார்கள். டால்ஜீலின் கசிவறியும் கருவி 1961-இல் வந்தது. பெண்களின் கை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்ற கணக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாளில் இருக்கிறது. கோவை அடுக்களையிலும் இந்த மலையிலும் அதிகம் நனைவது பெண்களின் கைதான்.

தரை கழுவிய அக்காவிடம், "பயமா இல்லையாக்கா?" என்றேன்.

"அந்தக் காலத்துல ரோலர் மேல கை வச்சா ஜிவ்வுன்னு இருக்கும். செருப்பு போட்டுக்கங்கன்னு சொல்லுவாங்க. ஈரத்துல செருப்பு வழுக்கும்ல, அதுனால நாங்க போடுறதில்ல. இப்ப ஜிவ்வுனா பாஸ்கிட்ட சொல்லிடணும், அன்னைக்கே நிறுத்திருவாரு."

அம்மாவின் சொல்லையே இந்த மலையிலும் கேட்டேன். 'ஜிவ்வு' என்பது இயந்திரம் அனுப்பும் முதல் சேதி. அதைச் செருப்பால் மறைத்தால் சேதி நின்றுவிடும், கசிவு நிற்காது. ஈரத்தில் மின்சாரத்தைக் கட்டிவைக்க வேண்டியவர் அதை இணைத்தவர். தொடுகிறவரின் காலில் அந்தப் பொறுப்பை மாட்டிவிட்டுப் போகக்கூடாது. என் தொழிலில் இத்தனை வருடம் இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இலங்கையின் தொழிற்சாலைகள் சட்டம் 1942-லேயே வந்தது. சட்டத்துக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் இப்படி ஒருவர் நின்றால்தான் அது வேலை செய்கிறது.

லயம்

இரவு பாஸின் வீட்டில் தங்கினேன். லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம், பின்னால் விறகடுப்பு. கூரைத் தகரத்தில் மழை தாளம் போட்டது. உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, சிவப்பரிசிச் சோறு. அவருடைய அம்மா, தன் அண்ணன் குடும்பம் 1970-களில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய நாளைச் சொன்னார். "கோத்தகிரியிலயும் இப்படித்தான் குளிரா?" என்று என்னிடம் கேட்டார். இதே குளிர், இதே செடி, இதே சரிவு என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை.

லயத்து ஒயரிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு குடும்பத்துக்கு இழுத்த இணைப்பு பிள்ளைகள் பெருகப் பெருக நீண்டு, தடுப்புப் பலகை தாண்டி, ஆணிகளில் தொங்கிக்கொண்டு போகிறது. துணி காயப்போடும் கொடிக் கம்பி அதே ஆணியில். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொடிக் கம்பியில் ஷாக் அடித்து யாராவது இறந்த சேதி வரும். இங்கே மின்கசிவால் லயம் தீப்பிடித்த சேதி வரும். காய்கறித் தோட்டங்களில் பன்றிக்கென்று சிலர் சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்துவிடுகிறார்கள். விடியலில் அந்த வழியாக நடக்கிறவர் மனிதர்.

பாஸ் தன் காம்பராவிலும் இரண்டு பக்கத்துக் காம்பராக்களிலும் ட்ரிப் ஸ்விட்ச் மாட்டியிருக்கிறார். அவருடைய பத்து வயது மகள் மாதம் ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி, அதிலுள்ள 'டி' என்ற சோதனைப் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த இரவு எனக்காக ஒரு முறை அமுக்கினாள். டக்கென்று லயத்தின் அந்தப் பக்கம் இருண்டது. பக்கத்துக் காம்பராவிலிருந்து, "பரீட்சையாடி?" என்று ஒரு குரல். "ஆமா சித்தி, பாஸ் பண்ணிருச்சு" என்று கத்திவிட்டு விளக்கைப் போட்டாள்.

மறுநாள் விடியற்காலை

நாலரை மணிக்கு பாஸோடு ஸ்டோருக்குப் போனேன். முந்தின நாள் பின்பக்கத்து ரோலர்கள் ஓடவில்லை. ஓடாத மோட்டார் குளிரில் ஈரத்தைக் குடிக்கும். ஓடிக்கொண்டிருந்தால் தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். அவர் கையில் மெகர். 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து, காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே தடுப்பு எவ்வளவு தாங்குகிறது என்று காட்டும் கருவி. ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அவர் ஓட்டமாட்டார். மோட்டார் மோட்டாராகப் போய் எண்ணைப் பென்சிலால் நோட்டில் எழுதினார். 40. 25. 60. கடைசி ரோலரில் முள் தயங்கி நின்றது. 0.4.

அதன் ஸ்விட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் வந்தார். வாட்டிய கொழுந்து மேலே தயாராக இருக்கிறது, ஒரு ரோலர் நின்றால் எல்லாம் பின்தங்கும் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கொழுந்துக்கு நேரம் தவறினால் அது தேயிலை ஆகாது. "மத்த மூணுல ஓட்டுங்க ஐயா. இது காயணும்" என்றார் பாஸ். கொஞ்ச நேரம் இருவரும் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீ மேக்கர் தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார்.

மோட்டாரின் மூடியைக் கழற்றி, ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பை உள்ளே காயிலைத் தொடாமல் நிறுத்தி, வாய்ப்பக்கம் காற்று போக இடம் விட்டு, மேலே காய்ந்த சாக்கைத் தொங்கவிட்டார். எனக்குத் தெரிந்த வேலை. சாக்கின் மறு நுனியை நான் பிடித்துக் கட்டினேன். சாக்கின் இழைகள் வழியாக மஞ்சள் வெளிச்சம் ஈரத் தரையில் விழுந்தது. அக்கா குழாயோடு வந்து, அந்த வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றிக் கழுவிக்கொண்டு போனார்.

எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது மறுபடி மெகரை வைத்தோம். 0.8.

"இன்னும் கொஞ்சம்" என்று சாக்கை இழுத்து மூடினார் பாஸ்.